நெற்களஞ்சியமும் கலைக்களஞ்சியமும்

சென்ற மார்கழியில் ஒரு வெள்ளிக்கிழமை, சென்னையிலிருந்து இலக்கிய நண்பர்கள் நால்வர் செஞ்சிக்கு வந்திருந்தார்கள். 2025 ஜூலையில் யுனெஸ்கோ தன் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த, மராட்டியர் வரலாற்றோடு தொடர்புடைய 12 கோட்டைகளில், மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது செஞ்சி ஒன்றுதான். திருவண்ணாமலைக்குப் போகும் வழியில் தேநீர் குடிக்க நிற்கும் இடமாக மட்டுமே எங்கள் ஊரை அறிந்திருந்தவர்களும் இப்போது கோட்டைக்கு வருகிறார்கள். எனக்கு மகிழ்ச்சிதான். மலையேறிப் பழக்கமில்லாத நண்பர்களை ராஜகிரிப் படிகளில் ஏற்றிவிட்டுப் பின்னால் நடப்பதில் ஒரு சிறிய குரூர இன்பமும் இருக்கிறது, மறைப்பானேன்.

வழியெல்லாம் தேசிங்கு ராஜன் கதைதான். 1714-ல் ஆற்காட்டு நவாபு சாதத்துல்லா கானின் படையோடு மோதி மடிந்த இளைஞன். அவன் ஆட்சி ஓராண்டுகூட நிறையவில்லை. ஆனால் அவனுக்கு ஒரு குதிரை இருந்தது, உயிர் கொடுக்க ஒரு நண்பன் இருந்தான், பிறகு ஒரு கதைப்பாடலும் கிடைத்துவிட்டது. சிவாஜி 1677-ல் கோட்டையைப் பிடித்ததும், அவர் மகன் ராஜாராம் மொகலாயரின் நெடிய முற்றுகைக்குள் இங்கே இருந்ததும், 1750-ல் பிரெஞ்சுக்காரரும் 1761-ல் ஆங்கிலேயரும் வந்ததும் எங்கள் ஊர் நினைவில் தேசிங்குக்குப் பின்னால்தான் வரிசையில் நிற்கின்றன. நினைவுக்கு நீதி தெரியாது, கதைதான் தெரியும்.

இறங்கி வந்து கல்யாண மகாலைப் பார்த்துவிட்டு நெற்களஞ்சியத்துக்குள் நுழைந்தோம். வெளியிலிருந்து பார்த்தால் மொத்தமான சுவர், உள்ளே வளைகூரை, மங்கிய வெளிச்சம். நால்வரில் ஒருவர் வழக்கறிஞர். காலையிலிருந்து ஒவ்வொரு கட்டடத்தின் முன்னாலும் நின்று, "இதைக் கட்டியது யார்?" என்று கேட்டுக்கொண்டே வந்தவர், அங்கே மட்டும் கேள்வியை மாற்றினார். "இதை நிரப்பியது யார்?"

யாரும் பதில் சொல்லவில்லை. அதற்குப் பதில் எல்லோருக்கும் தெரியும். சுற்றுப்பட்டுக் கிராமங்களில் ஏர் உழுதவன்தான் நிரப்பினான், வரியாக. கட்டியவனுக்குப் பெயர் உண்டு; நிரப்பியவனுக்குக் கிடையாது. இன்றும் அறுவடைக் காலத்தில் செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தின் முன்னால் நெல் மூட்டைகளோடு வண்டிகள் வரிசைகட்டி நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு அந்தக் களஞ்சியம் நினைவுக்கு வரும். நெல் அதே நெல். கணக்கெழுதுகிறவர்தான் மாறிக்கொண்டே இருக்கிறார்.

அந்தச் சொல் எனக்கு வேறொன்றையும் நினைவூட்டியது. களஞ்சியம் என்ற சொல்லை நான் முதன்முதலில் அச்சில் பார்த்தது கோட்டையைப் பற்றிய எந்த நூலிலும் இல்லை. செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் இடையில் ஒரு சிற்றூர், பெயர் வேண்டாம். அங்கே வாடகை வீடொன்றில் இருந்த கிளை நூலகத்தில், பள்ளிக்கூடம் விட்டதும் நான் போய் உட்காருவேன். பார்வை நூல்கள் வைத்திருந்த அலமாரியில் தடித்த நூல்கள் வரிசையாக நிற்கும். முதுகில் பொன்னிற எழுத்தில் 'கலைக்களஞ்சியம்'. வீட்டுக்குத் தரமாட்டார்கள். நூலகர் மேசைக்கு எதிரிலேயே உட்கார்ந்து, கையைக் கழுவிக்கொண்டு வந்துதான் புரட்ட வேண்டும். ஒரு தொகுதியைத் தூக்கி மேசையில் வைப்பதே எனக்கு அப்போது ஒரு வேலை. அணுவிலிருந்து ஆமைவரை, கிரேக்கத்திலிருந்து கிராம்புவரை தமிழில் இருந்தது. உலகத்தைப் பற்றி அறிய ஆங்கிலம் வந்தாக வேண்டும் என்று பள்ளியில் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், மாலை நான்கரைக்கு மேல் அந்த அறையில் அது பொய்யாகிவிடும்.

அந்த அறை, அந்த நூல் இரண்டுக்கும் பின்னால் ஒரே மனிதர் இருந்தார் என்பது எனக்குத் தெரிய இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார். திருப்பூர்க்காரர், வழக்கறிஞர், விடுதலைப் போராட்டக்காரர், அமைச்சர், பிறகு மாநிலங்களவை உறுப்பினர். கோவைப் பக்கம் அவர் பெயரைச் சொன்னால் பெண்கள் பல்கலைக்கழகம் என்பார்கள். எங்கள் பக்கத்தில் ஒருவருக்கும் தெரியாது. இந்தக் கட்டுரையை நான் எழுதுவதற்குக் காரணம் அதுதான். கோவைக்காரர்கள் அவருடைய கொடையில் சிறியதை நினைவில் வைத்திருக்கிறார்கள் என்பதும், பெரியது எங்களைப்போன்ற ஊர்களில் பெயரில்லாமல் கிடக்கிறது என்பதும் என் கட்சி.

1903-ல் பிறந்தார். வசதியான வணிகக் குடும்பம். சென்னையில் பச்சையப்பன் கல்லூரியிலும் பிறகு சட்டக் கல்லூரியிலும் படித்தார். 1920-களின் நடுவில் கோவையில் வழக்கறிஞராகத் தொழில் தொடங்கினார். அந்தத் தலைமுறையின் வழக்கறிஞர்களுக்கு இரண்டு பாதைகள் தெளிவாக இருந்தன. தொழிலில் பெரும்பொருள் ஈட்டி, அதில் ஒரு பங்கை நற்காரியங்களுக்குக் கொடுப்பது ஒன்று. தொழிலையே விட்டுவிட்டுச் சிறைக்குப் போவது மற்றொன்று. இவர் இரண்டாவதில் நடந்தார். உப்புச் சத்தியாக்கிரகக் காலத்திலிருந்து 'வெள்ளையனே வெளியேறு' வரை பலமுறை சிறை. திருமணம் செய்துகொள்ளவில்லை. இராமகிருஷ்ண இயக்கத்தில் ஆழ்ந்த பற்று. 1930-ல், கைவிரல் எண்ணிக்கைக்குள் அடங்கும் பிள்ளைகளை வைத்துக்கொண்டு கோவையில் இராமகிருஷ்ண வித்தியாலயத்தைத் தொடங்கினார். அவர்களில் தாழ்த்தப்பட்ட வகுப்புப் பிள்ளையும் உண்டு. ஒரே கூரை, ஒரே பந்தி. 1930-ல் அது எளிய செயல் இல்லை. 1934-ல் காந்தி வந்து அடிக்கல் நாட்டினார். பின்னாளில் பெரியநாயக்கன்பாளையத்தில் அது ஆசிரியர் பயிற்சி, வேளாண்மை, தொழிற்கல்வி என்று ஒரு கல்வி நகரமாகவே வளர்ந்தது. 1957-ல் பெண்களுக்கான மனையியல் கல்லூரி. அதுதான் 1988-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று.

இவையெல்லாம் பெருமைக்குரியவை. ஆனால் இவற்றைப்போன்ற கொடைகள் தமிழ்நாட்டுக்குப் புதியவை அல்ல. பச்சையப்ப முதலியாரிலிருந்து அழகப்பச் செட்டியார்வரை நமக்கு நீண்ட வரிசை இருக்கிறது. வழக்கறிஞர்களிலேயே வி. கிருஷ்ணசாமி ஐயர் இருந்தார். அரசியலில் மிதவாதி, இருந்தும் பாரதியின் பாட்டைக் கேட்டு உருகி, சுதேச கீதங்களை 1907-ல் தன் செலவில் ஆயிரக்கணக்கில் அச்சிட்டு இலவசமாக வழங்கினார். ஒரு செல்வர் மனம் இளகுகிறார், பணப்பை திறக்கிறது. அழகான காட்சி. ஆனால் அவர் மனம் அன்று இளகாதிருந்தால்?

இந்தக் கேள்விக்கு ஒரு வழக்கறிஞர் சொல்லக்கூடிய பதிலை அவினாசிலிங்கம் சொன்னார் என்பதே அவரிடம் நான் காணும் பெருமை. தருமத்தை மனத்தின் இளக்கத்துக்கு விட்டுவைக்காமல் அதைச் சட்டத்தில் எழுதிவிடுவது.

1946-ல் பிரகாசம் அமைச்சரவையிலும், 1947 முதல் 1949 வரை ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் அமைச்சரவையிலும் அவர் சென்னை மாகாணத்தின் கல்வி அமைச்சர். ஓமந்தூரார் எங்கள் திண்டிவனம் பக்கத்துக்காரர், ஏர் பிடித்த குடும்பம். நாடு விடுதலையடைந்த அன்று மாகாணத்தின் முதல்வர் அவர்தான். பிரதமர் என்பது அன்றைய பெயர். ஆலய நுழைவு, தேவதாசி முறை ஒழிப்பு, ஜமீன் ஒழிப்பு என்று அந்த இரண்டே ஆண்டு ஆட்சியில் நடந்தவற்றைப் பட்டியலிட்டால் இன்றைய ஐந்தாண்டு ஆட்சிகள் சற்று வெட்கப்படும். அந்தப் பட்டியலில் பெரும்பாலானோர் விட்டுவிடும் ஒன்று இருக்கிறது. 1948-ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகங்கள் சட்டம். விடுதலை பெற்ற இந்தியாவில் இயற்றப்பட்ட முதல் பொது நூலகச் சட்டம் அதுவே.

அதன் கதை நீளமானது. சீர்காழி ரங்கநாதன், கணித ஆசிரியராக இருந்து 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர், 1930-லேயே மாதிரி நூலகச் சட்டமொன்றை எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொரு வாசலாகத் தட்டிக்கொண்டிருந்தார். 1933-ல் பஷீர் அகமது சயீது என்ற வழக்கறிஞர் அதைச் சென்னைச் சட்டசபையில் மசோதாவாகக் கொண்டுவந்தார், நிறைவேறவில்லை. (அவர் பின்னாளில் உயர்நீதிமன்ற நீதிபதியாகி, சென்னையில் பெண்கள் கல்லூரியும் நிறுவினார். வழக்கறிஞர்களுக்கும் பெண்கள் கல்லூரிக்கும் ஏதோ பூர்வ ஜன்மத் தொடர்பு போலும்.) ரங்கநாதனிடம் அறிவியல் இருந்தது, அதைச் சட்டமாக்கும் நாற்காலி இல்லை. அந்த நாற்காலியில் 1946-ல் வந்து உட்கார்ந்தவர் தற்செயலாக ஒரு பள்ளிக்கூடம் நடத்தியவராகவும் சட்டம் படித்தவராகவும் இருந்தார். இரண்டில் ஒன்று குறைந்திருந்தாலும் மசோதா இன்னொரு பத்தாண்டு தூங்கியிருக்கும் என்பது என் ஊகம்.

சட்டத்தின் உயிர்நாடி ஒரு சிறு தொகை. ஊராட்சியும் நகராட்சியும் வசூலிக்கும் வீட்டுவரியில் ரூபாய்க்கு ஆறு பைசா என்று நூலக வரி. பழைய பைசா, ரூபாய்க்கு 192. இன்றைய கணக்கில் மூன்று காசுதான். இப்போது அது பத்துக் காசாக உயர்ந்திருக்கிறது. மாவட்டந்தோறும் நூலக ஆணைக்குழு. வசூலாகும் வரி அந்தக் குழுவைச் சேரும். நூலகத்துக்கன்றி வேறெதற்கும் செலவாகாது. சென்னை நகரம் நீங்கலாக மற்ற இடங்களில், வசூலுக்குக் குறையாத தொகையை அரசும் சேர்த்துத் தரவேண்டும். 1950 ஏப்ரல் முதல் தேதி கன்னிமரா நூலகம் மாநில மைய நூலகமாயிற்று. அங்கிருந்து தொடங்கி, மாவட்ட மைய நூலகம், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதிநேர நூலகம் என்று வேர் பரவி, இன்று தமிழ்நாட்டில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பொது நூலகங்கள் இருக்கின்றன. நான் கை கழுவிவிட்டு உட்கார்ந்த அந்த வாடகை வீட்டு அறை அவற்றில் ஒன்று.

ஆண்ட்ரூ கார்னகியை நினைத்துப் பார்க்கலாம். உருக்காலையில் குவித்த செல்வத்தைக்கொண்டு உலகெங்கும் 2,509 நூலகங்களுக்குப் பணம் கொடுத்தவர். ஆனால் அவரும் ஒரு நிபந்தனை போட்டார். கட்டடத்துக்கு நான் தருகிறேன். அந்தத் தொகையில் பத்தில் ஒரு பங்கை ஆண்டுதோறும் பராமரிப்புக்கு ஊரார் வரியிலிருந்து ஒதுக்க வேண்டும், முடியாதென்றால் கொடையும் இல்லை. உலகின் மிகப் பெரிய கொடையாளிக்கே, கொடையால் ஒரு நூலகத்தைத் திறக்க முடியும், நாள்தோறும் திறந்துவைக்க முடியாது என்பது தெரிந்திருந்தது. நம்மூரில் கார்னகி இல்லை. ஆகவே சட்டம் எல்லோரையும் மூன்று காசுக் கார்னகிகளாக ஆக்கிற்று. செஞ்சியில் ஓட்டு வீட்டுக்கு வரி கட்டிய நெசவாளியும் விதவைத் தாயும் தங்களை அறியாமலே புரவலர்கள். நெற்களஞ்சியத்தை நிரப்பியவர்கள் படைகளுக்காக நிரப்பினார்கள். இதை நிரப்பியவர்கள் தங்கள் பிள்ளைகளுக்காக நிரப்பினார்கள்.

இன்னொரு களஞ்சியத்தின் கதை இதற்கு இணையாக நடந்தது. 1946-ல் அவினாசிலிங்கம் தமிழ் வளர்ச்சிக் கழகத்தைத் தொடங்கினார். தமிழில் முழுமையான கலைக்களஞ்சியம் ஒன்றைக் கொண்டுவருவது அதன் முதல் பெருந்திட்டம். நமக்கு அதற்கு முன்னர் அபிதான சிந்தாமணி இருந்தது. ஆ. சிங்காரவேலு முதலியார் என்ற பள்ளி ஆசிரியர் ஒற்றையாளாக உழைத்துத் தொகுத்தது, 1910-ல் வெளிவந்தது. அதைப் புரட்டும்போதெல்லாம் எனக்குக் கை தானாகக் கூப்பிக்கொள்ளும். ஆனால் அது புராணமும் இலக்கியமும் சமயமும் நிறைந்த நூல். மின்சாரத்தையும் மரபணுவையும் அதனிடம் கேட்க முடியாது. அவற்றைக் கேட்கக்கூடிய நூலை ஒருவர் எழுதவும் முடியாது. பல துறைகளின் அறிஞர்கள் எழுத வேண்டும், எழுதியதைத் தமிழாக்க வேண்டும், பலவற்றுக்குச் சொல்லே புதிதாக ஆக்க வேண்டும்.

முதன்மை ஆசிரியராக அவினாசிலிங்கம் தேர்ந்தது தம் வித்தியாலயத்தில் ஆசிரியராக இருந்த பெ. தூரனை. கவிஞர், சிறுகதைக்காரர், கச்சேரி மேடைகளில் இன்றும் ஒலிக்கும் கீர்த்தனைகளை இயற்றியவர். இப்படி ஒருவரைப் பிடித்து இருபதாண்டு அகரவரிசைக்குள் அடைத்தது சரியா என்று எனக்கு அவ்வப்போது தோன்றும். எத்தனை கவிதைகள், எத்தனை கீர்த்தனைகள் அந்த மெய்ப்புத் திருத்தங்களுக்குள் கரைந்துபோயினவோ! முதல் தொகுதி 1954-ல் வந்தது, ஒன்பதாவது 1963-ல், இணைப்பாகப் பத்தாவது 1968-ல். பிறகு ஓய்ந்தாரா என்றால் இல்லை. குழந்தைகளுக்கென்று இன்னொரு பத்துத் தொகுதிகள், 1976 வரை. தூரனுக்கு 1968-லும் அவினாசிலிங்கத்துக்கு 1970-லும் பத்மபூஷண் கிடைத்தது. ஆசிரியருக்கு முதலில், அமைப்பாளருக்குப் பிறகு. விருதுகளின் வரிசையில் இத்தகைய ஒழுங்கு அபூர்வம்.

நூல் எழுதப்பட்டால் போதாது, வாங்க ஆள் வேண்டும். பத்துத் தொகுதிகளை விலை கொடுத்து வாங்கக்கூடிய தமிழ்க் குடும்பங்கள் அன்று எத்தனை இருந்திருக்கும்? ஆனால் ஊர்தோறும் ஒரு நூலகமும் அதற்கு வரிப்பணமும் இருந்தால், கலைக்களஞ்சியம் செஞ்சிப் பக்கத்துச் சிற்றூர் வரைக்கும் வந்து சேரும். வந்தும் சேர்ந்தது. எழுதும் கூட்டத்தையும் படிக்கும் கூடத்தையும் சில ஆண்டு இடைவெளியில் ஒரே மனிதர் ஏற்பாடு செய்திருக்கிறார். அவர் இதை ஒரே திட்டமாக நினைத்தாரா என்பது எனக்கு முக்கியமில்லை. அந்த மேசையில் இரண்டும் எனக்கு ஒன்றாகத்தான் வந்தன.

பாரதியையும் இங்கே சொல்லவேண்டும். பாரதி படைப்புகளின் உரிமையைச் சென்னை அரசு பெற்றதும் இவர் கல்வி அமைச்சராக இருந்த 1949-ல்தான்; சில ஆண்டுகளில் அது மக்களுக்கே பொதுவாக்கப்பட்டது. ஒரு வழக்கறிஞர் 1907-ல் தன் பணத்தில் அச்சிட்டுக் கொடுத்த பாடல்களை, 42 ஆண்டுகள் கழித்து இன்னொரு வழக்கறிஞர் இருந்த அரசு எவரும் அச்சிடலாம் என்ற நிலைக்குக் கொண்டுவந்தது. முதலாவது கொடை. இரண்டாவதற்குத் தமிழில் என்ன சொல் என்று நெடுநாள் யோசித்திருக்கிறேன்.

இவ்வளவும் சொல்லிவிட்டு அடுத்ததைச் சொல்லாமல் விட்டால் நான் துதி பாடியவனாவேன். உயர்நிலைப் பள்ளிகளில் தமிழைப் பயிற்றுமொழியாக நிலைநிறுத்தியவரும், திருக்குறளைப் பாடத்திட்டத்துக்குள் கொண்டுவந்தவரும் ஆகிய இதே கல்வி அமைச்சரின் காலத்தில்தான், 1948-ல், தமிழ் மாவட்டப் பள்ளிகளில் இந்தி கட்டாயப் பாடமாக்கப்பட்டது. 1938-ல் ராஜாஜி காலத்தில் பட்ட சூடு ஆறியிருக்கவில்லை. பெரியாரும் அண்ணாவும் களமிறங்கினார்கள், மறைமலையடிகளும் திரு.வி.க.வும் மேடையேறி எதிர்த்தார்கள். மறியல், கைது, தடியடி. தமிழுக்குக் களஞ்சியம் சமைத்துக்கொண்டிருந்த மனிதருக்கு எதிராகத் தமிழின் பெயராலேயே போராட்டம். அடுத்து வந்த அமைச்சரவையின் காலத்தில், 1950-ல், இந்தி மறுபடி விருப்பப் பாடமாயிற்று.

அவருடைய அன்பர்கள் இதைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். எதிர்ப்பவர்கள் இதோடு நின்றுவிடுகிறார்கள். இரண்டு தரப்பாரோடும் எனக்குச் சண்டை உண்டு. காந்தியின் சீடருக்கு இந்தி தேசியக் கடமை. அவர் தமிழ்ப் பகைவராக இருந்து அதைச் செய்யவில்லை. ஆனால் நல்ல எண்ணம் ஒரு தவற்றைத் தவறில்லாததாக்காது. அந்த ஆணை தவறு என்றே நினைக்கிறேன். கூடவே எனக்குச் சுவாரசியமாகப் படுவது வேறொன்று. நூலக வரியும் கட்டாயம், இந்தியும் கட்டாயம். ஒரே மனிதர், ஏறத்தாழ ஒரே ஆண்டு, ஒரே சட்டக் கை. ஒன்றை எதிர்த்துத் தமிழ்நாடு தெருவில் இறங்கிற்று. மற்றதை முணுமுணுப்பில்லாமல் ஏழு தலைமுறை வீட்டுவரி ரசீதுகளில் கட்டிக்கொண்டே வருகிறது என்று எழுதினால் மிகை. ஆனால் முக்கால் நூற்றாண்டாகக் கட்டிவருகிறது. ஏன்?

வரி பணப்பையோடு நின்றுகொண்டது என்பதே என் பதில். நூலகத்துக்குள் வா என்று யாரையும் அது இழுக்கவில்லை. வந்தவனை இந்த நூலைப் படி என்றும் சொல்லவில்லை. நான் அந்த அறையில் கலைக்களஞ்சியம் படித்தேன். பக்கத்தில் ஒருவர் ஆண்டுக்கணக்கில் துப்பறியும் நாவல்கள் மட்டுமே படித்தார். எங்களுக்கு எதிரில் பெரியவர் ஒருவர் தினத்தாளை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்குவார். மூவருக்கும் அந்த வரியில் சம பங்கு. அவினாசிலிங்கம் என்ற கல்வி அமைச்சர் பிள்ளையின் மனத்தை நோக்கிக் கட்டளையிட்டபோது தோற்றார். வீட்டுக்காரரின் மூன்று காசை நோக்கிக் கட்டளையிட்டபோது வென்றார்.

அமைச்சர் பதவிக்குப் பிறகு 1952-ல் திருப்பூரிலிருந்து மக்களவைக்கும், 1958 முதல் 1964 வரை மாநிலங்களவைக்கும் போனார். டெல்லி வாழ்க்கையை நான் விரிக்கப் போவதில்லை. அவருடைய இடம் டெல்லி இல்லை. 1991-ல் காலமாகும்வரை அவர் மனம் பள்ளிக்கூட வளாகத்தில்தான் இருந்தது.

இப்போது சொல்ல வந்ததற்கு வருகிறேன். சில மாதங்களுக்கு முன் வீட்டுவரி கட்டப் போயிருந்தேன். வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் ரசீதைப் படித்துவிட்டுத் திரும்பி, "சார், போன்லயே எல்லாம் இருக்குதே, இந்த நூலக வரி இன்னாத்துக்கு?" என்றார். நல்ல மனிதர், கேள்வியும் நியாயமானது. கலைக்களஞ்சியத்தின் தொகுதிகளையே தமிழ் இணையக் கல்விக்கழகம் வலையில் ஏற்றிவைத்திருக்கிறது. கை கழுவாமலே புரட்டலாம். நான் பதிலுக்கு ஒரு சொற்பொழிவே ஆற்றியிருப்பேன், நல்லவேளையாக அவர் முறை வந்துவிட்டது. சொல்லியிருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பேன். சாயங்காலம் கிளை நூலகத்துக்குப் போய்ப் பாருங்கள். போட்டித்தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் இடம்பிடிக்க முன்கூட்டியே வந்து உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் கையிலும் போன் இருக்கிறது. வீட்டில் இல்லாதது மேசையும் மின்விசிறியும் இரண்டு மணி நேர அமைதியும். ஒற்றை அறை வீட்டில் தொலைக்காட்சிக்கும் தம்பிக்கும் நடுவில் உட்கார்ந்து படிக்கும் பெண்ணுக்கு எந்த வலைத்தளமும் நாற்காலி போட்டுக் கொடுக்காது.

ஆனால் கேட்டவரிடம் நான் மறைக்கக்கூடாத செய்தியும் ஒன்றுண்டு. வசூலித்த நூலக வரியை உள்ளாட்சிகள் நூலக ஆணைக்குழுவுக்கு உரிய காலத்தில் கொடுப்பதில்லை என்ற முறையீடு பல ஆண்டுகளாக நாளேடுகளில் வந்துகொண்டே இருக்கிறது. இதைச் சாதாரண நிர்வாகத் தாமதம் என்று என்னால் கடந்துபோக முடியவில்லை. மற்ற வரி நிலுவையானால் சாலை தாமதமாகும், அவ்வளவுதான். இது தனிக் காரியத்துக்கென்று பெயர் சொல்லி வாங்கிய பணம். கோயில் உண்டியலில் போட்டதை எடுத்து வேறு செலவு செய்தால் ஊர் கூடிக் கேட்கும். இதை யாரும் கேட்பதில்லை. கொடுத்தோம் என்பதே கொடுத்தவர்களுக்குத் தெரியாது. 1948-ன் சட்டத்தில் நான் காணும் ஒரே குறை இதுதான். எல்லோரையும் புரவலராக்கியது, புரவலரிடம் அதைச் சொல்லவில்லை. ரசீதில் ஒரு வரியாக அச்சடித்தால் சொன்னதாகாது. ஒவ்வொரு கிளை நூலகத்தின் வாசலிலும், இந்த ஊரார் இந்த ஆண்டு இவ்வளவு வரி கொடுத்தார்கள், இவ்வளவு வந்தது, இத்தனை நூல் வாங்கினோம் என்று கரும்பலகையில் எழுதிவைக்கட்டும். சுண்ணக்கட்டிச் செலவுதான். சென்னையில் அண்ணா பெயரிலும் மதுரையில் கலைஞர் பெயரிலும் மாளிகை நூலகங்கள் வந்தது நல்லதே; நானும் போய் வியந்து நின்றிருக்கிறேன். பெயரில்லாத நாலாயிரம் நூலகங்களின் வாசலில் ஒரு கரும்பலகை அதைவிடக் கடினமா என்ன?

களஞ்சியத்திலிருந்து வெளியே வந்தபோது இதையெல்லாம் கோர்வையில்லாமல் நண்பர்களிடம் சொன்னேன். வழக்கறிஞர் நண்பர் அவினாசிலிங்கம் பெயரைக் கேள்விப்பட்டிருந்தார், சட்டத்தைக் கேள்விப்பட்டதில்லை. "சரி, உங்கள் நூலகத்தைப் பார்த்துவிட்டே சாப்பிடப் போவோம்" என்றார். அழைத்துக்கொண்டு போனேன். கதவு பூட்டியிருந்தது. கோட்டை ஏறிய களைப்பில் எனக்குக் கிழமையே மறந்துபோயிருக்கிறது. வெள்ளிக்கிழமை நூலகத்துக்கு வார விடுமுறை. ஐந்து பேரும் வெளியே நின்று அறிவிப்புப் பலகையில் எழுதியிருந்த வேலை நேரத்தைப் படித்துவிட்டு, சைக்கிளில் வந்து எங்களைப்போலவே ஏமாந்து திரும்பிய ஒரு பையனோடு நாலு வார்த்தை பேசிவிட்டு, சாப்பிடப் போனோம். பொங்கல் கழித்து மறுபடி வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம் என்று சொல்லியனுப்பியிருக்கிறேன்.